சின்னதாக ஒரு பேய் கேம்: துரத்தலா, வராண்டாவா, மோட்டார் ரூமா?

மூணு பேர் சேர்ந்து ஒரு பேய் கேம் செய்யப்போகிறோம். நான் பாளையங்கோட்டை, சித்தப்பா மகன் அம்பாசமுத்திரம், அவன்கூடப் படித்த பிள்ளை ஒருத்தி மேலப்பாளையம். அவள் படம் வரைவாள், அவன் புரோகிராம் எழுதுவான், சத்தமும் கதையும் என் தலையில். சனி ஞாயிறு மட்டும்தான் நேரம், இருப்பதில் நல்ல லேப்டாப்பில்கூட தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது, காசு என்று ஒன்றும் ஒதுக்கவில்லை. இந்த லட்சணத்தில் எந்த மாதிரி கேமை எடுப்பது என்று பேசிப் பேசி ஐந்து வழிகளில் வந்து நின்றோம். இதே யோசனையில் இருக்கிற வேறு யாருக்காவது உதவும் என்பதால் எழுதிவைக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரே இடம், ஒரே வேலை, அந்த வேலையே ஆளைப் பிடித்து இருட்டுக்குள் தள்ள வேண்டும். ஆனால் மற்ற நாலையும் ஏன் விட்டோம் என்பது தெரியாமல் இதை மட்டும் எடுத்துக்கொண்டால் பிரயோஜனம் இல்லை.

எல்லாருக்கும் முதலில் தோன்றுவது துரத்தல். கையில் டார்ச், பின்னால் ஏதோ ஒன்று, ஓடு. 2012இல் மார்க் ஹேட்லி இலவசமாக விட்ட ‘ஸ்லெண்டர்: தி எய்ட் பேஜஸ்’ இந்த வகைதான், ராத்திரி காட்டுக்குள் எட்டுத் தாளைப் பொறுக்க வேண்டும், கேமே அவ்வளவுதான். தாள் சேரச் சேர பின்னணிச் சத்தம் கனக்கும், நம்மைத் துரத்துகிற ஒரு நெட்டை ஆள் இன்னும் கிட்டே வருவான், அவனை நேராகப் பார்த்துக்கொண்டே நின்றால் திரையெல்லாம் இரைச்சலாகி ஆட்டம் முடிந்துவிடும். அதில் ஆளை உலுக்கியது ஓட்டம் இல்லை, எதைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதைப் பார்க்கக் கூடாது என்கிற விதிதான். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஸ்வீடனில் ஃப்ரிக்‌ஷனல் கேம்ஸ் என்கிற சின்னக் குழு செய்த ‘அம்னீஷியா: தி டார்க் டிசென்ட்’டிலும் இப்படி ஒரு முடிச்சு உண்டு. இருட்டில் பதுங்கினால் பேய்க்குத் தெரியாது, ஆனால் இருட்டில் இருக்க இருக்க நம்ம ஆளுக்குப் புத்தி பேதலிக்கும். வெளிச்சத்துக்கு வந்தால் புத்தி தெளியும், கூடவே மாட்டிக்கொள்ளவும் செய்வோம். கையில் ஆயுதம் எதுவும் கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் ஒன்றை இழந்துதான் ஆக வேண்டும், அந்தக் கணக்கை விளையாடுபவன் மனசுக்குள் போட்டுக்கொண்டே இருக்கிறான்.

சரி, அப்புறம் ஏன் வேண்டாம்? துரத்தும் பேய்க்கு உடம்பு வேண்டும், நடை வேண்டும், வழி கண்டுபிடிக்கிற மூளை வேண்டும். கதவு நிலையில் சிக்கிக்கொண்டு பேய் நின்ற இடத்திலேயே நடந்துகொண்டிருப்பதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், அதற்குமேல் அந்தக் கேமில் பயம் என்பது கிடையாது. சிக்காமல் நன்றாகவே ஓடினாலும், மூணு தடவை பிடிபட்டவனுக்கு அது எங்கே திரும்பும், எங்கே நிற்கும் எல்லாம் மனப்பாடமாகி, பேய் ஒரு போக்குவரத்து இடைஞ்சல் மாதிரி ஆகிவிடும். “அண்ணே, ரெடிமேட் மாடல் காசுக்குக் கிடைக்கும்லா” என்றான் தம்பி. கிடைக்கும்தான். பேய் கேமாக விளையாடித் தள்ளுகிறவன் அதே முகத்தை ஏற்கெனவே நாலு கேமில் பார்த்திருப்பான், அவ்வளவுதான் வித்தியாசம்.

நண்பர்களோடு சேர்ந்து ஆடும் வகையை ஒரே சாயங்காலத்தில் பேசி முடித்துவிட்டோம். 2023 அக்டோபரில் வந்த ‘லீத்தல் கம்பெனி’ ஜீக்கர்ஸ் என்கிற பெயரில் ஒரே ஆள் செய்தது, அதில் கூட்டாளியின் குரல் தூரத்துக்கு ஏற்றபடி தேயும். அடுத்த அறையில் கத்திக்கொண்டிருந்தவன் பாதி வார்த்தையில் அடங்கிப்போனால் மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும். பேயே நம் பேச்சைக் கேட்டுப் பதில் சொல்கிற ‘ஃபாஸ்மோஃபோபியா’ 2020இல் வந்தது. இரண்டும் நல்ல கேம்கள். ஆனால் நாலு கம்ப்யூட்டர்களை இணையத்தில் பிசகாமல் ஒட்டவைப்பது தனித் தொழில், எங்கள் மூணு பேரில் அதைச் செய்தவர் யாருமில்லை. தவிர, நாலு பேர் சேர்ந்து ஆடினால் பாதி நேரம் சிரிப்புதான். அந்தச் சிரிப்பு வேண்டும் என்றால் தாராளமாக இதை எடுங்கள், எங்களுக்கு வேண்டாம்.

மூணாவது வழி, எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது. இதற்காக வரைகிற பிள்ளை கடைசிவரை மல்லுக்கு நின்றாள், அவள் பக்கம் நியாயமும் இருக்கிறது. 2023 நவம்பரில் ஜப்பானிலிருந்து கொடாகே கிரியேட் வெளியிட்ட ‘தி எக்ஸிட் 8’இல் இருப்பது சுரங்க ரயில் நிலையத்தின் ஒரு நடைவழி, அவ்வளவே. நடக்கிறோம், அதே வழி மறுபடி வருகிறது. ஏதாவது மாறியிருந்தால் திரும்பு, ஒன்றும் மாறவில்லை என்றால் நேரே போ, தப்பாகச் செய்தால் பூஜ்யத்திலிருந்து மறுபடி. எட்டாம் வாசலை எட்டினால் வெளியே. மாறியிருக்கிற பலதும் நம்மை ஒன்றும் செய்யாது. ஆனால் ஒரு விளம்பரத் தாளின் அளவு, எதிரே வருகிற ஆளின் முகம், ஓட்டுத்தரையின் ஒரு கோடு என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறோம், மாறாமல் இருப்பதைப் பார்த்தால்தான் கூடுதல் பயம் வருகிறது. செய்கிறவனுக்கு ஒரு நடைவழி செலவு, பாக்கியெல்லாம் விளையாடுபவன் செலவு.

இதை நம்ம ஊரில் எங்கே வைப்பது என்று பார்த்தபோதுதான் சிக்கல். அந்த நடைவழி வேலை செய்வதற்குக் காரணம் அது துடைத்து வைத்த மாதிரி இருப்பது. நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எது வழக்கம், எது வித்தியாசம் என்று யார் சொல்வது? கிழிந்த போஸ்டர் மேலே இன்னொரு போஸ்டர், படுத்திருக்கிற நாய், படுத்திருக்கிற மனுஷன், அணைந்து அணைந்து எரியும் டியூப்லைட், இதில் பேய் தனியாக என்ன செய்துவிட முடியும். ஒரே மாதிரித் தூண்கள் வரிசையாக நிற்கிற பழைய பள்ளிக்கூட வராண்டா என்றால் சரிப்படும், பாளையங்கோட்டையில் அதற்குப் பஞ்சமில்லை. அதை அவள் இரண்டு பக்கம் வரைந்தும் காட்டினாள், நன்றாகவே இருந்தது. ஆனாலும் இரண்டு குறை மிஞ்சியது. எக்ஸிட் 8 ஓடியதும் அதே அச்சில் ஆஸ்பத்திரி, ரயில், அடுக்குமாடி என்று கேம்கள் வரிசைகட்டி வந்துவிட்டன, அந்தக் கூட்டத்தில் நம்முடையதும் ஒன்றாகிவிடும். இன்னொன்று, கொஞ்ச நேரத்தில் பயம் வடிந்து சரிபார்க்கிற புத்தி வந்துவிடுகிறது. பரீட்சைத் தாள் திருத்துகிற வாத்தியார் மாதிரி ஒவ்வொரு தூணாகப் பார்த்துக்கொண்டு போகிறோம். ஆனால் நீங்கள் தனி ஆளாகச் செய்கிறீர்கள், முதல் கேம், முடித்துவிட்டால் போதும் என்றால் எதையும் யோசிக்காமல் இதையே எடுங்கள். ஐந்தில் முடிகிற வாய்ப்பு அதிகம் உள்ளது இதுதான்.

நாலாவது இரண்டு பரிமாணம், அதாவது பக்கவாட்டில் நடக்கிற அல்லது மேலிருந்து பார்க்கிற கேம். 2004இலேயே ஆர்பிஜி மேக்கர் என்கிற கேம் செய்கிற மென்பொருளில் கிகியாமா என்கிற பெயரில் ஒருவர் ‘யூமே நிக்கி’யைச் செய்து இலவசமாகக் கொடுத்தார், கனவுகளுக்குள் சும்மா நடப்பதுதான், இன்றைக்கும் அதைப் பேசுகிறார்கள். ‘ஃபெய்த்’ கேமில் பழைய கம்ப்யூட்டர் பேச்சுக் கருவியின் கரகரத்த குரல்தான் பேய் பிடித்தவர்கள் குரல், நடிகருக்குச் சம்பளம் மிச்சம், நடிகர் பேசியிருந்தால் அத்தனை பயம் இருந்திருக்காது என்பது வேறு விஷயம். எனக்கு ரொம்பப் பிடித்தது தைவானின் ரெட் கேண்டில் கேம்ஸ் 2017இல் வெளியிட்ட ‘டிடென்ஷன்’. 1960களின் ராணுவச் சட்டக் காலத்துத் தைவான், ஒரு மலைப் பள்ளிக்கூடம், அந்த ஊர் நம்பிக்கைகளில் வருகிற பேய்கள். அவை பக்கத்தில் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். தைவான் வரலாறு ஒரு வரிகூடத் தெரியாதவனையும் அந்தக் கேம் உட்காரவைத்துவிடும். உலகத்துக்குப் புரியாது என்று சொந்த ஊர்க் கதையை வழித்துத் துடைக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதற்கு இதைவிட சாட்சி தேவையில்லை.

இதை விட்டதற்குக் காரணம் வேலைப் பங்கீடு. இரண்டு பரிமாணத்தில் ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு அசைவும் வரைந்தாக வேண்டும், அந்தப் பிள்ளை வரைந்துகொண்டே இருக்க நாங்கள் இரண்டு தடியன்களும் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அதோடு, திரையில் நம் முதுகும் தெரிகிறது. பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாத பயம் இந்த வகையில் கிடைப்பது கஷ்டம், அதைக் கதையால்தான் ஈடுகட்ட வேண்டும், அவ்வளவு பலமான கதை கையில் இருக்கிறவர்கள் இங்கே வரலாம்.

இனி நாங்கள் எடுத்த வழி. இதற்கு இரண்டு கேம்களைப் பிரித்துப் பார்த்தாலே போதும்.

ஒன்று 2014இல் ஸ்காட் காதன் தனி ஆளாகச் செய்த ‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடீஸ்’. அதற்கு முந்தைய அவருடைய கேம் ஒன்றில் வந்த குழந்தைத்தனமான உருவங்கள் பொம்மை யந்திரம் மாதிரி பார்க்கவே பயமாக இருக்கின்றன என்று ஆட்கள் குறை சொல்ல, சரி, பயமாகவே இருக்கட்டும் என்று அதையே மூலதனமாக்கிவிட்டார். நாம் ராத்திரிக் காவல்காரன், பன்னிரண்டிலிருந்து காலை ஆறு வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியாது. கேமராவில் பார்த்தால் கரண்ட் செலவு, கதவை மூடினால் கரண்ட் செலவு, விளக்கைப் போட்டால் அதுவும் செலவு, பார்க்காமல் விட்டால் வாசலில் வந்து நிற்கும். பொம்மை நடப்பதை அநேகமாகக் காட்டுவதே இல்லை. இந்தக் கேமராவில் நிற்கிறது, வேறொன்றைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் இல்லை. நடந்ததெல்லாம் நம் தலைக்குள். உள்ளே இருப்பது பெரும்பாலும் முன்கூட்டியே செய்துவைத்த நிலைப்படங்கள், அதனால் எந்தக் குட்டிக் கம்ப்யூட்டரிலும் ஓடும். கிராஃபிக்ஸ் கார்டு இல்லாதவனுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இன்னொன்று டேவிட் சிமான்ஸ்கி 2022இல் வெளியிட்ட ‘அயர்ன் லங்’. ரத்தக் கடலுக்கு அடியில் ஒரு துருப்பிடித்த நீர்மூழ்கி, முன்னால் இருக்கிற ஜன்னலை இரும்பால் அடைத்துவிட்டார்கள். கையில் வரைபடம், கண்ணில் எண்கள், சுவர் நெருங்கினால் மினுக்குகிற விளக்கு. வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் ஓட்டுகிற இடத்தை விட்டுப் பின்பக்கம் போய் ஒரு பொத்தானை அமுக்கி மங்கலான புகைப்படம் எடுக்க வேண்டும். கடலையே உண்டாக்கவில்லை அந்த மனுஷன், ஒரு தகரப் பெட்டியும் சில மோசமான போட்டோக்களும்தான். ஒரு மணி நேரம் போல ஓடும், முடியும்போது சட்டை நனைந்திருக்கும்.

இரண்டிலும் பேய் பாதிதான், மீதி வேலை. காவல் பார்க்கிறோம், படகு ஓட்டுகிறோம். வேலை கையைக் கட்டிப்போட்டிருப்பதால் பயந்தவன் செய்கிற முதல் காரியமான ஓட்டம் நடக்காது, கண்ணை மூடவும் முடியாது, மூடினால் வேலை கெடும். பேய் கேம் எடுக்கிறவர்கள் பேயை வரைவதிலேயே முக்கால் காலத்தைக் கழிக்கிறார்கள், வேலையை யோசிப்பதில்லை. வேலை சரியாக அமைந்துவிட்டால் பேயைக் கடைசி நிமிஷம் வரை தள்ளிப்போடலாம்.

அப்படியென்றால் எந்த வேலை? இதை யோசிக்க நேரமே ஆகவில்லை, நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் கிணற்றுப் பாசனத்தில் வளர்ந்தவர்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் முறைவைத்து வந்த காலத்தில் ராத்திரி முறை என்றால் ராத்திரிதான் போய் மோட்டார் போட வேண்டும். இப்போது செல்போனிலேயே மோட்டார் போடுகிற கருவி வந்துவிட்டது, கேமில் அது கிடையாது, அவ்வளவுதான். மோட்டார் ரூமுக்குள் ஸ்டார்ட்டர் பெட்டி, அதன்மேல் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூணு பல்பு, மூணும் எரிந்தால்தான் பச்சைப் பொத்தானை அமுக்கலாம். ஒரு பல்பு மங்கினால் காத்திருக்க வேண்டும். தண்ணீர் விழுந்ததும் உள்ளேயே பதுங்கிக்கொள்ள முடியாது, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாழைக்குள் போய் மடை மாற்றியாக வேண்டும், இல்லையென்றால் ஒரு வயல் மூழ்கும், இன்னொன்று காயும். மடை மாற்றுகிற நேரத்தில் மோட்டார் நின்றுவிட்டால் திரும்பி வர வேண்டும். மோட்டார் நின்ற அந்த நொடியில், அதுவரை எல்லாவற்றையும் மூடியிருந்த இரைச்சல் போய், வாழைக்குள் இருக்கிற சத்தம் முழுக்கக் கேட்க ஆரம்பிக்கும். ஃப்ரெடீஸில் கரண்ட் தீர்கிற பயம் என்றால் இங்கே கரண்ட் வருகிற பயம். மூணு பல்பும் எரிந்துவிட்டால் வெளியே போயாக வேண்டும்.

நிஜத்தில் அந்த நேரத்தில் போகிறவர்கள் பேய்க்குப் பயப்படுவதில்லை, பாம்புக்குத்தான் பயப்படுவார்கள். அதையும் வைத்துக்கொள்ளப்போகிறோம். டார்ச்சைத் தரையில் அடித்தால் பாம்பு தெரியும், எதிரே இருப்பது தெரியாது. எதிரே அடித்தால் காலடி தெரியாது. அம்னீஷியாவின் முடிச்சை நம்ம வரப்பில் கட்டினால் இப்படித்தான் வரும்.

சத்தம் முழுக்க ஊரிலேயே எடுக்கலாம், இதற்குச் செல்போனும் காற்றுக்குக் கட்ட ஒரு துணியும் போதும். காய்ந்த பனையோலை உரசுவது, கிணற்றுக்குள் சொட்டு விழுவது, ஆடிக் காற்றில் கிழிந்த வாழை இலை. முக்கியமாக ஆக்காட்டிக் குருவி. வயலில் ஆள் அசைந்தால் அது கத்தும், ராத்திரியிலும் கத்தும். நாம் நடந்தால் நம்மைப் பார்த்துக் கத்துகிறது, சரி. நாம் அசையாமல் நிற்கும்போது வடக்கு வாழைப் பக்கம் கத்தினால்? இதற்குப் பேய் மாடலே தேவையில்லை. அதே மாதிரி தூரத்தில் காற்றாலைகளின் சிவப்பு விளக்கு வரிசை மட்டும் தெரியும், திசை பார்க்க அதுதான் துணை. அதில் ஒன்று மட்டும் ஒரு கணம் மறைந்து மறுபடி தெரிந்தால், நடுவில் ஏதோ நெட்டையாகக் கடந்திருக்கிறது. புரோகிராமில் ஒரு விளக்கை அணைத்துப் போடுகிற வேலை, நாலைந்து வரி.

ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை வந்தது. இசக்கியைப் பேயாக வைத்தால் ஊர்க்காரர்கள் எல்லாரும் விளையாடுவார்கள் என்றான் தம்பி. எனக்குச் சம்மதமில்லை. இசக்கியும் சுடலைமாடனும் இந்தப் பக்கம் குலதெய்வம், கொடை நடத்தி வில்லுப்பாட்டில் கதை கேட்கிற சாமிகள்; அதைத் திரைமேல் பாய்கிற ராட்சசியாக்குவது மரியாதை இல்லை என்பது ஒரு பக்கம், சாமியைத் தெரிந்தவனுக்கு அது பயமாகவும் இருக்காது என்பது இன்னொரு பக்கம். சுடலைமாடன் காவல் நிற்கிற சாமி. வயலோரம் வெள்ளையடித்த பீடம், அதில் ஒரு விளக்கு. அந்த விளக்கு எரிகிறவரை நமக்கு ஒன்றும் ஆகாது, கேமைச் சேமிக்கிற இடமும் அதுதான். மூணாம் ராத்திரி விளக்கு அணைந்திருக்கும். அணைத்தது யார் என்று சொல்லப்போவதில்லை. தம்பி இப்போது சமாதானமாகிவிட்டான், இன்னும் பாதி முகம் தூக்கிவைத்திருக்கிறான் என்பதும் உண்மை.

தோற்றத்துக்குப் பழைய பிளேஸ்டேஷன் பாணி. சோம்பேறித்தனம் என்று சொல்கிறவர்கள் உண்டு, இருக்கட்டும். அந்தக் காலத்து மெஷின் முப்பரிமாண உருவத்தின் முனைகளை முழு எண்களில்தான் நிறுத்தும், அதனால் சுவரெல்லாம் லேசாக நடுங்கும். சுவரில் ஒட்டிய படத்தைத் தூரத்துக்கு ஏற்றபடி சரிசெய்யத் தெரியாது, அதனால் கிட்டே போனால் நெளியும். அன்றைக்கு அது குறை. இன்றைக்கு அந்த மங்கல் உருவத்தில் வாழைக் கன்றா, குனிந்து நிற்கிற ஆளா என்று சொல்ல முடியாமல் போவதுதான் நமக்கு வேண்டியது. பழைய வீடியோ கேசட் மாதிரி கோடு ஓடவிடுவதை மட்டும் சேர்க்க வேண்டாம் என்று முடிவு, எல்லாரும் அதைப் போட்டுத் தேய்த்துவிட்டார்கள்.

எஞ்சின், அதாவது கேமைக் கட்டுகிற மென்பொருள், கோடோ. முழுக்க இலவசம், விற்றாலும் பங்கு கேட்காது, எங்கள் லேப்டாப்பிலும் ஓடும். தமிழுக்காகச் செய்கிறவர்கள் 4ஆம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தியதை எடுங்கள். 3இல் தமிழ் எழுத்தை ஒழுங்காகக் கோக்காது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பேச்சு நம்ம ஊர்த் தமிழ், கீழே தமிழ் வரியும் ஆங்கில வரியும்.

விலை விஷயத்திலும் இந்தக் குட்டி வகைக்கு ஒரு இடி இருக்கிறது. ஸ்டீம் என்கிற கேம் விற்கிற தளத்தில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். ஒரு மணி நேரக் கேம் என்றால் முழுசாக முடித்துவிட்டே திருப்பிக் கொடுத்துவிடலாம். அதற்காக இழுத்து மூணு மணி நேரமாக்குவது கோட்டித்தனம், நீட்டினால் பயம் நீர்த்துவிடும். திருப்பிக் கேட்கக் கூச்சப்படுகிற அளவுக்கு விலையைக் குறைத்து வைப்பதே மேல். ஸ்டீமில் ஒரு கேம் ஏற்ற 100 டாலர் கட்ட வேண்டும், 1000 டாலர் விற்றால்தான் அது திரும்பி வரும். இட்ச் என்கிற இன்னொரு கேம் தளத்தில் ஏற்ற ஒன்றும் கட்ட வேண்டாம், விற்றால் எத்தனை சதவீதம் அவர்களுக்கு என்பதையும் நாமே வைக்கலாம். ஆகவே முதலில் மோட்டார் ரூம், ஒரு வாழை வயல், ஒரே ஒரு ராத்திரி, இவ்வளவை மட்டும் இட்சில் இலவசமாகப் போடுவோம். ஹெட்போன் மாட்டி விளையாடுகிறவர்கள் நல்லா இருக்கு என்று எழுத வேண்டாம், எந்த இடத்தில் ஹெட்போனைக் கழற்றினீர்கள் என்பதை மட்டும் சொல்லுங்கள். யாருமே கழற்றவில்லை என்றால் 100 டாலரைக் கட்டப்போவதில்லை.